சாணம், கோழி எரு, திப்பி: மூன்றையும் சேர்த்து எரிவாயு எடுப்பது

இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் மூன்று வகைக் கழிவுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. கட்டுத்தரையில் நிற்கும் கறவை மாடுகளின் சாணம் ஒன்று. முட்டைக்கோழிப் பண்ணைகளில் கூண்டுகளுக்கு அடியில் குவிகின்ற எரு மற்றொன்று. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுப்பாலைப் பிரித்தெடுத்த பிறகு ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சுகின்ற திப்பியும் கிழங்குத் தோலும் மூன்றாவது. இவை மூன்றும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே கிடந்தும், பெரும்பாலான வீடுகளில் சாண எரிவாயுக் கலனுக்குள் சாணத்தைத் தவிர வேறொன்றும் போவதில்லை. மாடுகளின் எண்ணிக்கை குறைந்ததும் அடுப்பில் வாயு போதவில்லை என்று கலனையே கைவிட்டுவிடுகிறார்கள். சாணம் குறைந்துபோன வீட்டுக் கலனை மற்ற இரண்டு கழிவுகளின் துணையோடு நன்றாக நடத்த முடியும் என்பதை எங்கள் வீட்டுக் கலனில் பார்த்துவருகிறேன். ஆனால் எதை எவ்வளவு சேர்ப்பது, எதைச் சேர்க்கவே கூடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் சாணத்தைப் பார்ப்போம். ஒரு கிலோ பச்சைச் சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும்; அதாவது ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் தேவை. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கென்று கட்டப்படும், நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ சாணத்தையும் அதே அளவு தண்ணீரையும் கரைத்து ஊற்ற வேண்டும் என்று சொல்லப்படுவது இந்தக் கணக்கின்படிதான். இத்தனை சாணத்துக்கு இவ்வளவுதான் வாயுவா என்று கேட்கத் தோன்றும். மாடு தின்ற தீவனத்தில் எளிதாகச் செரிக்கக்கூடிய சத்தையெல்லாம் அதன் வயிறே எடுத்துக்கொண்டுவிடுகிறது. வெளியே வருவதில் பெரும்பகுதி, நான்கு இரைப்பைகளாலும் முழுமையாகச் செரிக்க முடியாமல் தள்ளப்பட்ட நார். ஆகவே எடைக்கு எடை பார்த்தால் சாணம் வலுக்குறைந்த மூலப்பொருள்தான்.

அப்படியிருந்தும் சாணம் இல்லாமல் கலனை நடத்த நினைப்பது தவறு. மீத்தேனை உருவாக்கும் நுண்ணுயிரிகள் மாட்டின் முதல் இரைப்பையிலேயே வாழ்பவை; சாணத்தோடு அவை தினந்தோறும் கலனுக்குள் வந்து சேர்கின்றன. பாலுக்கு உறைமோர் எப்படியோ, கலனுக்குச் சாணம் அப்படி. மேலும் இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற நுண்சத்துகள் மிகச் சிறிய அளவிலேனும் இல்லாவிட்டால் அந்த நுண்ணுயிரிகள் பெருகுவதில்லை. புல், தட்டு போன்ற வெறும் பயிர்ப்பொருள்களை மட்டும் போட்டு நடத்தப்படும் கலன்கள் சில மாதங்களில் சோர்ந்துபோவதற்கு இந்தக் குறைபாடு ஒரு முக்கியக் காரணம். சாணத்தில் அவை இயல்பாகவே இருக்கின்றன. இவற்றோடு, கரைசல் புளித்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மையும் சாணத்துக்கு உண்டு. இதன் அருமை திப்பியைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

காற்றுப் புகாத கலனுக்குள் நடக்கும் வேலை ஒரே வகை நுண்ணுயிரியின் வேலை அன்று. மாவும் நாரும் புரதமும் கொழுப்பும் முதலில் சிறிய மூலக்கூறுகளாக உடைகின்றன. அவற்றைத் தின்னும் கூட்டம் கரிம அமிலங்களை வெளியிடுகிறது. அந்த அமிலங்கள் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகின்றன. இவற்றை எடுத்துக்கொண்டு கடைசிக் கூட்டம் மீத்தேனைத் தருகிறது. அமிலம் ஆக்குபவை விரைவாகப் பெருகுகின்றன, மீத்தேன் ஆக்குபவை மெதுவாகத்தான் பெருகுகின்றன. கலன் நடத்துவதில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த வேக வேறுபாட்டிலிருந்தே வருபவை. முன்னவை ஆக்கிய அமிலத்தைப் பின்னவை தின்று முடிப்பதற்குள் மேலும் மேலும் அமிலம் சேர்ந்தால் கரைசல் புளிக்கிறது. கார அமிலக் குறியீடு (pH) 6.8க்கும் 7.5க்கும் இடையில் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், அதற்குக் கீழே இறங்கிவிட்டால் மீத்தேன் ஆக்குபவை ஒடுங்கிவிடும்.

இனி கோழி எருவுக்கு வருகிறேன். கோழியின் எச்சத்தில் சிறுநீரும் கலந்தே வருவதால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிக அதிகம். நுண்ணுயிரிகளுக்குக் கரிமமும் தழைச்சத்தும் 20 முதல் 30க்கு 1 என்ற விகிதத்தில் கிடைத்தால் நல்லது. மாட்டுச் சாணத்தில் இது ஏறத்தாழ 20 முதல் 25 வரை இருக்கிறது. கோழி எருவிலோ 10ஐ ஒட்டியே நிற்கிறது. தேவைக்கு மேற்பட்ட தழைச்சத்து கலனுக்குள் அம்மோனியாவாகத் தேங்குகிறது, அந்த அம்மோனியா மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிரிகளையே தாக்குகிறது. கோழி எருவை மட்டும் போட்டு நடத்தப்பட்ட கலன்கள் தொடக்கத்தில் தாராளமாக வாயுவைக் கொடுத்து, பிறகு நாளுக்கு நாள் குறைந்து நின்றுபோவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கோழி எருவில் கண்ணுக்குத் தெரிகிற இன்னொரு தொல்லையும் உண்டு. முட்டை ஓடு உறுதியாக இருப்பதற்காக முட்டைக்கோழித் தீவனத்தில் கிளிஞ்சல் தூளும் சுண்ணாம்புக்கல் குருணையும் சேர்க்கிறார்கள். அதில் ஒரு பகுதி செரிக்காமல் எருவோடு வெளியே வருகிறது. எருவை அள்ளும்போது மண்ணும் சேர்ந்தே வருகிறது. ஒரு வாளி எருவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, சற்று நேரம் விட்டு, மேல் கரைசலை மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: வாளியின் அடியில் வெண்சாம்பல் நிறத்தில் நறநறவென்று ஒரு படிவு கையில் தட்டுப்படும், மேலே சிறகுகள் மிதக்கும். இந்தப் படிவு கலனுக்குள் போனால் வெளியே வர வழியில்லை. ஆண்டுக்கு ஆண்டு அடியில் ஏறி, கலனின் கொள்ளளவைத் தின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் கோழி எருவை நேரடியாகக் கரைக்கும் தொட்டியில் போடுவதில்லை. தனித் தொட்டியில் முதல் நாள் மாலையே ஊறவைத்து, காலையில் கலக்கி, படிவு அடியில் இறங்கிய பிறகு மேல் கரைசலை மட்டும் வலைத்துணியின் வழியாக ஊற்றுகிறோம். பண்ணையில் கிருமிநாசினி தெளித்த கையோடு அள்ளிய எருவையும் வாங்குவதில்லை. கோழிக்கூண்டில் கிருமியைக் கொல்லும் மருந்து கலனுக்குள்ளும் அதையேதான் செய்யும்.

திப்பியின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. எவ்வளவு பிழிந்தாலும் அதில் மாவு மிஞ்சியே இருக்கும். தழைச்சத்தோ மிகக் குறைவு. கரிமத் தழைச்சத்து விகிதம் 100ஐத் தாண்டும். மாவு மிக விரைவாக உடைந்து அமிலமாவதால், திப்பியை ஒரே நாளில் அதிகமாகக் கொட்டினால் மேலே சொன்ன புளிப்பு நிச்சயம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர், ஆலையிலிருந்து வந்த ஈரத் திப்பி மழையில் நனைந்து மாட்டுக்கு உதவாமல் போனதால், அதை வீணாக்க வேண்டாமென்று கூடை கூடையாகக் கலனுக்குள் போட்டிருந்தார். “தம்பி, கேஸ் என்னமோ நெறயத்தான் வருதுங்க, ஆனா அடுப்புல பத்தவே மாட்டேங்குது” என்று அழைத்தார். போய்ப் பார்த்தபோது வெளியேற்றும் தொட்டியில் நுரை பொங்கியிருந்தது. சாண நெடிக்குப் பதிலாகக் காடி போன்ற புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. கார அமிலத் தாளை நனைத்துப் பார்த்ததில் குறியீடு 6க்கு அருகில் இருந்தது. வாயு நிறைய வந்ததற்கு விளக்கம் எளிது. வந்தது பெரும்பாலும் கரியமில வாயு. நல்ல வாயுவில் மீத்தேன் 55 முதல் 65 விழுக்காடு இருக்கும். அது பாதிக்கும் கீழே வெகுவாகக் குறைந்துவிட்டால் சுடர் அடுப்பில் நிற்காது.

“அண்ணா, இனிக் கொஞ்ச நாளைக்குத் திப்பிய நிறுத்திட்டு வெறும் சாணிக் கரைசல் மட்டும், அதுவும் பாதியளவு ஊத்துங்க” என்றேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் கலனிலிருந்து சில குடம் ஸ்லரியும், அதாவது செரித்து வெளியே வரும் கரைசலும், கொண்டுபோய் ஊற்றினோம். தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிதளவு சேர்க்கலாம். ஆனால் சுண்ணாம்பை அளவின்றிக் கொட்டுவது கூடாது, அது கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாகப் படியும். சில வாரங்களில் கலன் தேறியது. இப்படிப்பட்ட நேரத்தில் பலரும் செய்வது, வாயு எரியவில்லையே என்று இன்னும் அதிகமாகக் கழிவைப் போடுவது. அது நோயாளிக்கு விருந்து வைப்பதாகும்.

கிழங்குத் தோலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மரவள்ளியில் சயனைடை வெளிவிடும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. அது தோலில்தான் அதிகம். நுண்ணுயிரிகளுக்கு அது முதலில் ஒத்துக்கொள்ளாது என்றாலும், சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால் அவை பழகிக்கொள்கின்றன. தோலை அரிந்து ஓரிரு நாள் காற்றாட விட்டபின் போடுவது நல்லது.

இப்போது கலவையின் கணக்கு. ஈரம் நீக்கிய எடையில் 10 கிலோ கோழி எருவை எடுத்துக்கொண்டால் அதில் ஏறத்தாழ 3.5 கிலோ கரிமமும் 350 கிராம் தழைச்சத்தும் இருக்கும். அதே 10 கிலோ உலர் திப்பியில் 4.2 கிலோ கரிமம் இருக்கும், தழைச்சத்து 30 கிராம் அளவே தேறும். இரண்டையும் சேர்த்தால் 7.7 கிலோ கரிமத்துக்கு 380 கிராம் தழைச்சத்து, விகிதம் 20. தனியே 10 என்றும் 100க்கு மேல் என்றும் இரு ஓரங்களில் நின்றவை, உலர் எடையில் சமமாகக் கலந்ததும் சாணத்தின் விகிதத்துக்கே வந்துவிடுகின்றன. ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறையை அடைக்கிறது. திப்பி தருகிற அமிலத்தைக் கோழி எருவிலிருந்து வருகிற அம்மோனியா ஓரளவு சமன்செய்கிறது. இந்தப் பொருத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, எங்கள் மாவட்டத்தில் இவ்விரண்டும் தனித்தனியே அழுகி நாறிக்கொண்டிருப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

ஆனால் திப்பியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதையும், கோழி எருவின் ஈரம் பண்ணைக்குப் பண்ணை மாறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எங்கள் வீட்டில் இரண்டு மாடுகளிலிருந்து நாள்தோறும் கிடைக்கும் 25 கிலோ சாணத்தோடு 3 கிலோ கோழி எருவும் 5 கிலோ ஈரத் திப்பியும் சேர்க்கிறோம். எடையில் சாணமே நான்கில் மூன்று பங்கு. மொத்தக் கரைசலில் திடப்பொருள் 8 முதல் 10 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி தண்ணீரை அளவிடுகிறோம். சாணம் மட்டும் போட்டால் ஒரு கன மீட்டர் அளவுக்கே வரக்கூடிய வாயு, இந்தக் கலவையில் ஒன்றரைக் கன மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு கன மீட்டர் வாயு ஏறத்தாழ 430 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம், அதாவது 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 33 கன மீட்டர் வாயுவுக்கு ஈடு. இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு மாதத்தில் ஒரு சிலிண்டருக்கும் மேலான எரிபொருளை வீட்டிலேயே எடுத்துக்கொள்ள முடிகிறது என்பது எங்கள் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

இங்கே என் கருத்து ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மாடு தின்னக்கூடியதைக் கலனுக்குப் போடக் கூடாது. காயவைத்த திப்பி நல்ல மாட்டுத் தீவனம். கடலைக்கொடியும் சோளத்தட்டும் அப்படியே. மழைக்காலத்தில் காய வழியின்றிப் பூஞ்சை பிடிக்கப்போகும் திப்பியும், மாடு ஒதுக்கிய கூளமும்தான் கலனுக்கு உரியவை. செர்மனியில் எரிவாயுவுக்கென்றே மக்காச்சோளம் பயிரிடுவது பெருகிப்போய், 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் மக்காச்சோளமும் தானியமும் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதிக்கும் நிலை வந்தது. விளைநிலத்தை வாயுவுக்காக உழுவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

வைக்கோலைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வைக்கோலில் கரிமத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதன் செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் என்னும் கடினமான பொருள் போர்த்தியிருக்கிறது, காற்றில்லாத கலனுக்குள் லிக்னின் செரிப்பதே இல்லை. அதோடு வைக்கோல் மிதக்கும். தீனபந்து போன்ற குவிமாடக் கலனில் கலக்குவதற்கு எந்த அமைப்பும் இல்லாததால், மிதந்த துண்டுகள் பின்னிப் பிணைந்து மேலே தோல்போல் ஆடை கட்டி, வாயு மேலெழுவதையே தடுத்துவிடும். கதர் கிராமத் தொழில் ஆணைய முறையில் கட்டிய பழைய கலன்களில் மிதக்கும் இரும்பு டிரம்மைக் கையால் சுற்றி அந்த ஆடையை உடைக்க முடிந்தது. குவிமாடத்தில் அந்த வசதி இல்லை. பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்திலுள்ள லெஹ்ராகாகாவில் 2022இல் தொடங்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 300 டன் வைக்கோலிலிருந்து 33 டன் அழுத்தப்பட்ட உயிர்வாயு எடுக்கும் திறன் கொண்டது என்பது உண்மை. ஆனால் அங்கே வைக்கோலைப் பொடியாக்கும் இயந்திரங்களும் பெரும் தொட்டிகளில் ஓயாமல் சுழலும் கலக்கிகளும் இருக்கின்றன. வீட்டுக் கலனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வைக்கோலை மாட்டுக்குக் கீழே பரப்பி, மூத்திரத்தில் ஊறி மிதிபட்டு நைந்த பிறகு, அதையும் சிறிதளவு மட்டும் பொடியாக நறுக்கிப் போடலாம். மீதியை வெளியே வரும் ஸ்லரியை உறிஞ்சவைத்து மட்க விடுவதே நல்லது.

பல வகைக் கழிவுகளைக் கலப்பதை ஒரு நாட்டு முறையாகவே வளர்த்தவர்கள் டென்மார்க்கின் விவசாயிகள். ரீபே நகரில் 1990இலும் லெம்விக் நகரில் 1992இலும் தொடங்கப்பட்ட பொது ஆலைகளுக்கு, சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து சாணக் கரைசல் வந்து சேர்கிறது; உணவு ஆலைகளின் கழிவு அதில் சிறு பங்காகக் கலக்கப்படுகிறது; அந்தச் சிறு பங்கிலிருந்தே வாயுவில் கணிசமான பகுதி கிடைக்கிறது. செரித்த கரைசல் பண்ணைகளுக்கே உரமாகத் திரும்பிப் போகிறது. எங்கள் பகுதியில் புதுச்சத்திரத்தில் கோழி எருவைக் கொண்டு இயங்கும் பெரிய ஆலை இருக்கிறது. ஆயினும் ஒரு ஜவ்வரிசி ஆலை, இரண்டு மூன்று கோழிப்பண்ணைகள், ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் ஆகியவை சேர்ந்து ஊர் அளவில் நடத்தும் நடுத்தரக் கலன்கள் இன்னும் பரவலாக வர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆலைக்காரருக்குக் கழிவை அகற்றும் செலவு, பண்ணைக்காரருக்கு ஈத்தொல்லை, விவசாயிக்கு உரத்தட்டுப்பாடு என்று ஆளுக்கொரு கவலை இருக்கிறது; ஒரே தொட்டி மூவருக்கும் பயன்படும்.

மார்கழி, தை மாதங்களில் தனிக் கவனம் தேவை. அப்போதுதான் கிழங்கு அரவை மும்முரமாக நடந்து திப்பி எளிதாகக் கிடைக்கும். அப்போதுதான் குளிரால் கலனின் வேகமும் குறையும். இந்த நுண்ணுயிரிகளுக்கு 30 முதல் 38 டிகிரி வரையிலான வெப்பம் உகந்தது. 20க்குக் கீழே போனால் வேலை வெகுவாக மந்தமாகும். தமிழ்நாட்டுக்குக் கரைசல் 30 நாள் தங்கினால் போதும் என்ற கணக்கில் கலன்கள் கட்டப்படுவதால், குளிர்காலத்தில் அந்த 30 நாளில் முழுமையாகச் செரிப்பதில்லை. அந்த மாதங்களில் திப்பியைப் பாதியாகக் குறைத்து, வெயிலில் வைத்த தண்ணீரில் கரைத்து, முற்பகலில் ஊற்றுகிறோம். குவிமாடத்தின் மேல் மண்ணைக் கூட்டி அதன்மேல் சருகு பரப்புவதும் சூட்டைக் காக்கும்.

கோழி எரு சேர்ந்ததும் வாயுவில் அழுகிய முட்டை வாடை கூடும். அது ஹைட்ரஜன் சல்பைடு. அடுப்பின் பித்தளைப் பகுதிகளை அரிக்கும், மூச்சுக்கும் கேடு. குழாயின் வழியில் ஒரு சிறு உருளையில் துருப்பிடித்த இரும்புச் சீவலை நிரப்பி, வாயுவை அதன் ஊடே செலுத்தினால் பெரும்பகுதி நீங்கிவிடும். லேத் பட்டறைகளில் இந்தச் சீவல் கிடைக்கும். கருத்துப்போனதும் மாற்ற வேண்டும்.

வெளியே வரும் ஸ்லரிதான் எங்கள் வயலுக்குக் கிடைத்த பெரிய பேறு. வாயுவாகப் போவது கரிமமும் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமே. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஏறக்குறைய முழுவதுமாகக் கரைசலிலேயே தங்குகின்றன. கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் கருகுகிற செடிகள், இந்த ஸ்லரியைத் தண்ணீரில் கலந்து பாய்ச்சும்போது தாங்கிக்கொள்கின்றன. ஆனால் வெயிலில் பரப்பிக் காயவைக்கக் கூடாது. தழைச்சத்தில் பெரும்பகுதி அம்மோனிய வடிவில் இருப்பதால், காயக் காயக் காற்றோடு போய்விடும். வாய்க்கால் தண்ணீரோடு கலந்து விடுவது முதல் வழி. அதற்கு நேரமில்லாத நாள்களில் கூளத்தின்மேல் ஊற்றி மூடி வைப்பது அடுத்த வழி.

மத்திய அரசு 1981-82இல் தேசிய உயிர்வாயு வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து நாட்டில் இலட்சக்கணக்கான குடும்பக் கலன்கள் கட்டப்பட்டுள்ளன. கட்டுவதற்கு மானியம் கிடைக்கிறது. கட்டிய பிறகு கரைசல் ஏன் புளித்தது, ஆடை ஏன் கட்டியது என்று வந்து பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. ஒன்றியத்துக்கு ஒருவர் கார அமிலத் தாளோடு சுற்றி வந்தாலே, மூடிக் கிடக்கும் பல கலன்களை மீட்டுவிடலாம்.

அப்படி மூடிக் கிடக்கும் கலனை மீண்டும் தொடங்க நினைப்பவர்கள் தயவுசெய்து அடியில் படிந்த மண்ணை எடுக்க உள்ளே இறங்காதீர்கள், வேறு யாரையும் இறக்காதீர்கள். பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த கலனிலும் படிவைக் கிளறியதும் நச்சு வாயு வெளிப்படும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் இறந்துபோவது இத்தகைய தொட்டிகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறியே வெடிப்புக்குப் போதும் என்பதால், பக்கத்தில் பீடியோ விளக்கோ இருக்கக் கூடாது. கழிவுநீர் உறிஞ்சும் வண்டியை வரவழைத்து, தண்ணீர் பாய்ச்சிக் கலக்கி, மேலிருந்தபடியே படிவை வெளியேற்றுங்கள். பிறகு நன்றாக ஓடும் கலன் ஒன்றிலிருந்து ஸ்லரியை வாங்கி ஊற்றி, சாணத்தை மட்டும் கரைத்துத் தொடங்குங்கள். முதலில் வருவது பெரும்பாலும் எரியாத வாயு. அதைத் திறந்த வெளியில் விட்டுவிட்டு, நீலச் சுடர் நிலையாக நிற்கத் தொடங்கிய பிறகு கோழி எருவையும் திப்பியையும் கையளவிலிருந்து கூட்டிக்கொண்டு போகலாம்.